கயிறு பிடிக்க ஒருவர்

போளூரிலிருந்து மலை ஏறி வரும் பஸ் ஜமுனாமரத்தூரில் வந்து நிற்கும்போது, இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்னைப் போன்ற உபாத்தியாயருக்கு ஒரு பொழுதுபோக்கு. எங்கள் ஊரில் பஸ்தான் சினிமா. யார் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள், யார் மூட்டையில் என்ன இருக்கிறது, யாருக்குக் கீழே வைத்தியம் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு வருஷங்களுக்கு முன், ஐப்பசி மாதத்து மழை மாலை ஒன்றில், என்னிடம் படித்த பெண் ஒருத்தி அந்த பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் பெரிய பெட்டி. தோளில் ஒரு மூட்டை.

"என்னம்மா, லீவா?" என்று கேட்டேன்.

"லீவு இல்லை, சார். வந்துவிட்டேன்" என்றாள்.

'வந்திருக்கிறேன்' என்பதற்கும் 'வந்துவிட்டேன்' என்பதற்கும் உள்ள பேதத்தைத் தமிழ் வாத்தியாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதப் போவதில்லை. அது மலைக்குக் கீழே இருக்கிறது என்ற அளவில் வாசகர்கள் திருப்தி அடைய வேண்டுகிறேன். அவள் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தைச் சேர்ந்தவள். மலையாளி என்றதும் கேரளத்தை நினைத்துவிடக் கூடாது. ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைத்து, தேன் எடுத்து, தமிழ் பேசி வாழும் ஜனங்களுக்கு அதுதான் பெயர். அந்தக் குக்கிராமத்தில் முதன் முதலாக நர்ஸ் பட்டம் பெற்றவள் அவள்தான். நாலு வருஷப் படிப்பை முடித்து அவள் வேலைக்குப் புறப்பட்ட அன்று ஊரே பஸ் நிலையத்துக்கு வந்திருந்தது. அப்படிப் போனவள் மூன்றே வாரத்தில் திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும்? சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிற்று.

நடந்தது என்ன என்பதை அவள் மறுநாள்தான் சொன்னாள்.

அவளைத் தீவிர சிகிச்சைப் பகுதியில், அதாவது எல்லோரும் ஐ.சி.யூ. என்று சொல்லும் இடத்தில், நியமித்திருந்தார்கள். முதல் வாரம் சுற்றிக் காட்டினார்கள். இரண்டாவது வாரம் ஒருவர் பின்னால் ஒருவராக யாராவது கூட இருந்தார்கள். மூன்றாவது வாரம் ராத்திரி டியூட்டி. இரண்டு நோயாளிகள் அவள் பொறுப்பு. முதல் ராத்திரி ஒரு யந்திரம் கூவிற்று. பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள். வந்து பார்த்தால், நோயாளியின் விரலில் மாட்டியிருந்த கருவி நழுவியிருந்தது, அவ்வளவுதான். "இதற்கெல்லாமா கூப்பிடுவது? நாலு வருஷம் என்ன படித்தாய்?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் சிரித்தார்.

இரண்டாம் ராத்திரி, ஒரு நோயாளியின் இரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த மருந்து தீரும் தறுவாயில் இருந்தது. அது சொட்டுச் சொட்டாக, சிறு பம்பின் மூலம் உள்ளே போவது. ஒரு கணமும் நிற்காதபடி பழைய சிரிஞ்சை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். பிறர் செய்வதை அவள் இரு முறை பார்த்திருந்தாள், தானாகச் செய்ததில்லை. பம்பு கூவ ஆரம்பித்தது. மருந்து தீர்ந்தது. அழுத்தம் 110, 90, 70 என்று இறங்கிற்று. அவள் கையில் சிரிஞ்சை வைத்துக்கொண்டு நின்றாள். நாலு கட்டிலுக்கு அப்பால் இருந்த நர்ஸ் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து ஓடி வந்தார். நோயாளி பிழைத்துக்கொண்டார். காலையில், "இனிமேல் ஜாக்கிரதை" என்று சொல்லி அனுப்பினார்கள்.

"சார், மருந்து மாற்றத் தெரியாதது பெரிதில்லை. தெரியவில்லை என்று வாய் திறந்து கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நாலு நிமிஷம் நான் அவரைப் பற்றி யோசிக்கவில்லை. என்னை என்ன சொல்வார்கள் என்றுதான் யோசித்தேன். அப்படிப்பட்டவள் அங்கே இருக்கலாமா?" என்று கேட்டாள்.

நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பிழைத்து வருகிறவன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் சொன்னவர் அவளுடைய தகப்பனார். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் அல்ல. "வாத்தியாரே, தேன் எடுக்கப் போற புதுப் பையனைப் பாறையிலே தனியா இறக்கிவிடுவாங்களா? மேலே கயித்தைப் பிடிச்சுக்க ஒருத்தன் வேணாமா? இவளைக் கயிறு இல்லாம இறக்கிவிட்டுட்டாங்க" என்றார்.

இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத விரும்புகிறேன். சாமைப் பயிரையும் கரடிகளையும் பற்றி எழுதி வந்தவனுக்கு ஆஸ்பத்திரி விவகாரம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கீழே அனுப்புகிறவன் நான். அனுப்பிய பிறகு அவர்கள் கதி என்ன என்று கேட்பதும் என் வேலையில் சேர்ந்ததே.

முதலில், தீவிர சிகிச்சைப் பகுதி என்பது எப்படிப்பட்ட இடம் என்று பார்ப்போம். அங்கே நோயாளியின் மூச்சை ஒரு யந்திரம் விடுகிறது. இதயத் துடிப்பை ஒரு திரை காட்டுகிறது. மருந்துகளை அளந்து பம்புகள் செலுத்துகின்றன. யந்திரங்கள்தான் எல்லாம் செய்கின்றன என்று வெளியே நிற்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அந்த யந்திரங்கள் ஒன்றும் அறியா. தொண்டைக்குழாயில் சளி அடைத்துக்கொண்டால் உறிஞ்சி எடுப்பதும், படுக்கைப் புண் வராமல் உடம்பைத் திருப்பிப் படுக்கவைப்பதும், மணிக்கு மணி சிறுநீரை அளப்பதும், கண்ணின் பாவையில் விளக்கடித்துப் பார்ப்பதும், ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் இன்னொருவரைத் தொடாதிருப்பதும் நர்ஸின் வேலை. இவற்றுக்கெல்லாம் நடுவே யந்திரங்கள் கூவிக்கொண்டே இருக்கும். கூவுவதில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாத கூவல்கள்; ஒன்றிரண்டு யமன் கதவைத் தட்டும் கூவல்கள். எது எது என்று காது பிரித்தறிவது புத்தகத்தில் படித்து வருவதல்ல. பக்கத்தில் இருக்கும் பழகிய காதிலிருந்து பழகாத காதுக்கு வருவது.

இப்படி ஓர் இடம் உலகில் தோன்றிய கதை ரஸமானது. 1952-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவியிருந்தது. நோய் மூச்சுத் தசைகளைத் தாக்கியதால் பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் மூச்சு முட்டி இறந்துகொண்டிருந்தார்கள். அந்த நிலையை அடைந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைக்கவில்லை. அப்போது மயக்க மருந்து வைத்தியரான பியோர்ன் இப்சன் என்பவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் செருகி, ரப்பர்ப் பை ஒன்றைக் கையால் அழுத்தி அவளுக்கு மூச்சுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். ஆனால் எத்தனை பேருக்கு, எத்தனை நாள், யார் பையை அழுத்துவது? மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில், இரவும் பகலும் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். சில நாட்களில் ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள் வரை அவர்கள் கையால் மூச்சுவிட்டார்கள். மரணம் நூற்றுக்கு இருபத்தைந்து அளவுக்கு இறங்கிற்று. அடுத்த வருஷம், 1953 டிசம்பரில், அதே நகரத்தின் இன்னோர் ஆஸ்பத்திரியில் இப்சன் இதற்கென்றே ஒரு பகுதியை ஏற்படுத்தினார். இன்றைய ஐ.சி.யூ.க்களுக்கெல்லாம் அதுதான் மூலம் என்கிறார்கள்.

இந்தக் கதையில் நான் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. பையை அழுத்தியவர்கள் அனுபவசாலிகள் அல்ல, மாணவர்கள். ஐ.சி.யூ. என்பதே புதியவர்களின் கையில் பிறந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒருவர் இருந்தார். எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுக்கவும், தவறினால் திருத்தவும், மயக்க மருந்து வைத்தியர்கள் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். புதியவர்களால் முடியாது என்பதல்ல; தனியே முடியாது என்பதுதான் பாடம்.

என்னுடைய சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னால் பேதம் விளங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கையில் வருகைப் பதிவேட்டையும் ஒரு துண்டுச் சாக்கட்டியையும் கொடுத்து, "அதோ உங்கள் வகுப்பு" என்று காட்டிவிட்டார்கள். அன்று பூகோள பாடத்தில், எங்கள் மலையில் உற்பத்தியாவது செய்யாறு என்று சொல்வதற்குப் பதிலாகப் பாலாறு என்று சொல்லிவிட்டேன். மறுநாள் திருத்தினேன். பாலாறு அதனால் திசை மாறிவிடவில்லை. கரும்பலகையில் எழுதியதைத் துடைத்துவிடலாம். கட்டிலில் கிடப்பவர் கரும்பலகை அல்லவே!

படிப்புக்கும் வேலைக்கும் நடுவே உள்ள இந்தப் பள்ளத்தை ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் மார்லீன் கிரேமர் என்ற நர்ஸ் பேராசிரியை, நர்ஸுகள் ஏன் தொழிலை விட்டுப் போகிறார்கள் என்பதைப் பற்றி 1974-இல் ஒரு புத்தகம் எழுதினார். பள்ளியில் ஒருத்திக்கு 'இப்படித்தான் செய்ய வேண்டும்' என்று கற்பித்து அனுப்புகிறோம். ஆஸ்பத்திரியில் அதற்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை என்று காண்கிறாள். அந்த நிஜத்தின் அதிர்ச்சியிலேயே அவள் மனம் உடைந்து போகிறது என்று எடுத்துக்காட்டினார். பத்து வருஷம் கழித்து, 1984-இல், பட்ரிஷியா பென்னர் என்பவர் நர்ஸுகளின் தேர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார். ஒரே விதமான வேலையில் இரண்டு மூன்று வருஷம் பழகின பிறகே மூன்றாவது படியான தகுதி நிலைக்கு வருகிறார்கள் என்பது அவருடைய முடிவு. இரண்டு மூன்று வருஷம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நாம் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது இரண்டு வாரம்.

அயல் தேசத்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் தேசத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. காந்திஜிக்கு நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதில் இருந்த ஆசை எல்லோரும் அறிந்தது. தென்னாப்பிரிக்காவில் அவர் டாக்டர் பூத் என்பவருடைய மேற்பார்வையில் இருந்த ஒரு தரும வைத்தியசாலைக்குத் தினம் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் போய் வேலை செய்தார். 1899-இல் போயர் யுத்தம் மூண்டபோது, காயம் பட்டவர்களைச் சுமந்து வர அவர் திரட்டிய சுமார் 1,100 பேர் கொண்ட இந்தியப் படைக்கு அந்த அனுபவமே அஸ்திவாரமாயிற்று. அந்தப் படையில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களும் பலர் இருந்தார்கள். காயம் பட்டவனைத் தொடுவது எப்படி என்று டாக்டர் பூத் அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்; கூடவும் சென்றார். மகாத்மாவே கயிறு பிடிக்க ஒருவரை வைத்துக்கொண்டுதான் இறங்கினார்.

இன்னும் அருகில் வருவோம். எங்கள் மலையின் சரிவிலிருந்து பார்த்தால் வேலூர் அதிக தூரமில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் அங்கே வைத்தியம் தொடங்கினார். 1909-இல் நர்ஸுகளுக்கான பயிற்சிப் பள்ளியும் ஏற்பட்டது. நல்ல குடும்பத்துப் பெண்கள் செய்யத் தகாத தொழில் என்று ஊர் முகம் சுளித்த காலம் அது. 1946-இல் டில்லியிலும் வேலூரிலும் நர்ஸ் தொழிலுக்குப் பட்டப் படிப்பு தொடங்கிற்று. அதே வருஷம் வெளியான போர் கமிட்டியின் அறிக்கை, நம் தேசம் முழுவதிலும் 7,000 நர்ஸுகள்தான் இருக்கிறார்கள், நாற்பத்து மூவாயிரம் ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குக் காட்டியது. இங்கிலாந்தில் முந்நூறு பேருக்கு ஒரு நர்ஸ். டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் அந்தக் கமிட்டியில் அங்கத்தினர். அன்று நமக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கை. இன்று ஜில்லாவுக்கு ஜில்லா நர்ஸ் கல்லூரிகள் வந்துவிட்டன. எண்ணிக்கையைப் பெருக்கிவிட்டோம், வந்தவர்களை நிலைநிறுத்தும் கலையைத்தான் எல்லா இடத்திலும் கற்றுக்கொள்ளவில்லை. வேலூரில், கல்லூரியில் போதிக்கிறவர்களே வார்டுகளிலும் பொறுப்பு வகிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பாடம் சொன்னவரே கட்டிலருகிலும் நிற்கிறார் என்றால் பள்ளம் பாதி தூர்ந்துவிட்டதல்லவா?

என் மாணவியின் கதைக்குத் திரும்புகிறேன். அவள் வந்த நாலாம் நாள் அவளுக்கு டெலிபோன் வந்தது. பேசியவர் அந்த ராத்திரி ஓடி வந்து மருந்தை மாற்றினாரே, அந்த நர்ஸ். பதினைந்து வருஷம் அனுபவமுள்ளவர். "ஏன் வேலையை விட்டாய்?" என்று அவர் கேட்கவில்லை. "எனக்கும் முதல் வருஷம் இப்படி நடந்தது. அன்று யாரும் என்னோடு பேசவில்லை. நீ வா. என் டியூட்டியிலேயே உனக்கும் டியூட்டி போடச் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் என் கண் பார்வையில் நில். அப்புறம் போவதானால் போ" என்றார்.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினாள். அந்த மூன்று மாதத்தில் அந்த அம்மாள் செய்தது என்ன என்பதைப் பிறகு விவரமாகக் கேட்டறிந்தேன். ஆஸ்பத்திரி நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலாவது, கயிறு ஒருவர் கையில் இருந்தது. தினம் ஒரு புதிய முகம் அல்ல; ஒரே ஆள். இவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்ற கணக்கு அந்த ஒருவரிடம் இருந்தது. இரண்டாவது, பாரம் படிப்படியாக ஏற்றப்பட்டது. முதலில், உடம்பு தேறி வார்டுக்குப் போகவிருக்கும் நோயாளி. பிறகு யந்திர மூச்சில் இருந்தாலும் நிலையாக இருப்பவர். கடைசியில்தான் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறவர். மூன்றாவது, எந்தக் காரியத்தையும் முதலில் பார்ப்பது, அடுத்தது அவர் பார்க்கத் தான் செய்வது, அதன் பிறகே தனியாகச் செய்வது. சிரிஞ்சு மாற்றுவதை நோயாளி இல்லாத காலிப் பம்பில் பத்துத் தடவை செய்யச் சொன்னாராம்.

நாலாவதுதான் மிக முக்கியம். கூப்பிடக் கற்றுக்கொடுத்தார். டாக்டரை எப்படி அழைப்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது: நிலைமை என்ன, இதற்கு முன் நடந்தது என்ன, நான் பார்த்து அறிந்தது என்ன, எனக்கு இப்போது வேண்டியது என்ன என்று நாலே வாக்கியம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி ஆஸ்பத்திரிகளுக்கு வந்த முறையாம். பதற்றத்தில் நா குழறுகிறவளுக்கு இந்த நாலு வாக்கியமும் நாலு படிக்கட்டுகள். கூப்பிட்டு வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும், "கூப்பிட்டது சரி" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வாராம் அந்த அம்மாள். இந்த இரண்டு வார்த்தைக்குச் செலவு ஒன்றுமில்லை. முன்னர் ஒருவர் கேட்ட கேள்விக்கும் ஒருவர் சிரித்த சிரிப்புக்கும் ஒரு நோயாளியின் உயிர் விலையாகப் பார்த்தது.

ஐந்தாவது, டியூட்டி முடிந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். இன்று எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று. தவறு நேர்ந்தால் அதை மறைக்காமல் எழுதி வைத்து, எப்படி நேர்ந்தது என்று பார்த்தார்கள். யார் மேல் பழி என்று பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நோயாளி முதல் முறையாக இறந்தபோது அவளைத் தனியே விடுதிக்கு அனுப்பாமல், அந்த அம்மாள் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாதம் போட்டாராம்.

"இதெல்லாம் சரிதான், ஐயா, ஆளுக்கு எங்கே போவது?" என்று நிர்வாகிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செயற்கை மூச்சில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ் முழுவதாக வேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அந்த அளவுக்கே ஆள் இல்லாத இடத்தில், புதியவளுக்குத் துணையாக இன்னொருவரையும் நிறுத்துவது கஷ்டமே. ஆனால் ஆள் ஏன் இல்லை? பழகியவர்கள் போய்விடுகிறார்கள், வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறிப் போன காலம் மாறி இப்போது விமானமேறிப் போகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சுப்ரீம் கோர்ட்டின் 2016 ஜனவரித் தீர்ப்பை ஒட்டி அமைந்த நிபுணர் கமிட்டி, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரிகூட நர்ஸுக்கு மாதம் இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்டவை சர்க்கார் சம்பளத்துக்குச் சமமாகவே கொடுக்க வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்தில் இருக்கிறது. அது கைக்கு வரவில்லை என்ற முறையீடு இன்னும் பல இடங்களிலிருந்து கேட்கிறது.

பழகியவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர்கள் புதியவர்கள். புதியவளுக்குப் போன வருஷத்துப் புதியவள் கற்றுக்கொடுக்கிறாள். அவளும் பயந்து ஓடுகிறாள். அவள் இடத்துக்கு இன்னொரு புதியவள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துகிற கதைதான். மூன்று மாதம் ஒருவரைத் துணைக்கு நிறுத்தும் செலவு பெரிதா, வருஷா வருஷம் ஆள் தேடி அலையும் செலவு பெரிதா என்று கணக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கட்டும். இதிலே அகப்பட்டுக்கொள்ளும் நோயாளியைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்பதையும் அவர்களே தீர்மானிக்கட்டும்.

சர்க்காருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. எங்கள் மலைக்காரருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்க வேண்டும். சட்டத்தாலும் விதிகளாலும் படுக்கைகளை ஏற்படுத்தலாம். யந்திரங்களை டெண்டர் விட்டு வாங்கலாம். ஆனால் புதிய நர்ஸுக்கு முதல் சில மாதங்கள் தனிப் பொறுப்பு கொடுக்கக் கூடாது, துணை நிற்பவருக்கு அதற்கென நேரமும் படியும் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி செய்தால், வாங்கிய யந்திரங்களுக்கு உயிர் வரும். அமெரிக்காவில் 2002 முதல் பல ஆஸ்பத்திரிகள் புதிய பட்டதாரி நர்ஸுகளுக்கு ஒரு வருஷப் பழகுகாலம் நடத்தி வருகின்றன. டாக்டருக்குப் பட்டம் பெறுமுன் ஒரு வருஷம் பழகுகாலம் வேண்டும் என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ராத்திரி முழுவதும் கட்டிலருகில் நிற்பவளுக்கு மட்டும் அது ஏன் வேண்டாம்?

கடைசியாக, இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டில் ஒருவர் ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது நமக்குப் பொறுமை இருப்பதில்லை. கதவு திறந்ததும் வெளியே வரும் இளம் பெண்ணின் மேல் நம் கோபம், பயம், பில் தொகை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறோம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவளும் பயந்துகொண்டுதான் உள்ளே நிற்கிறாள். "அம்மா, நன்றாகப் பார்த்துக்கொள்" என்று சொல்லுவது அவளுக்குத் தைரியம்; தைரியமுள்ள கை நடுங்காது. நடுங்காத கை நம் வீட்டுக்காரருக்குத்தான் நல்லது. பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்பும் பெற்றோர்களும், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில், "முதல் மாதங்களில் என் பெண்ணுக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள்?" என்று கேட்கட்டும். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

போன மாதம் அவள் தம்பியின் கலியாணத்துக்காக வந்திருந்தாள். இந்தத் தடவை பெட்டி சின்னது. சாப்பாடு ஆனபின் ஒரு சம்பவம் சொன்னாள். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனைக் கட்டுவிரியன் கடித்துக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாம்பு ராத்திரியில், தரையில் படுத்து உறங்குகிறவனைக் கடிக்கும். கடித்தது பெரும்பாலும் தெரியாது. விடியும்போது வயிறு வலிக்கும், கண்ணிமை தானாக மூடும், பிறகு மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். விஷ முறிவு மருந்து கொடுத்த பிறகும் நாட்கணக்கில் யந்திரத்தில் மூச்சுவிட வேண்டியிருக்கும். அந்த நிலையில் இமை திறக்காது, விரல் அசையாது. கண்ணின் பாவைகூட விளக்குக்குச் சுருங்காமல் நிற்கலாம். பார்க்கிறவர்கள் முடிந்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் உள்ளே அறிவு முழுதும் விழித்திருக்கும்; பேசுவதெல்லாம் காதில் விழும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அம்மாள்தான். ஆகையால் அவள் மூன்று ராத்திரியும் அவனோடு எங்கள் மலைப் பேச்சில் பேசிக்கொண்டே இருந்தாள்: இன்று இன்ன கிழமை, உன் அம்மா வெளியே இருக்கிறாள், இப்போது சளி எடுக்கப் போகிறேன், கொஞ்சம் வலிக்கும், சாமை அறுப்புக்குள் ஊருக்குப் போய்விடலாம் என்று.

நாலாம் நாள் பையன் கண்ணைத் திறந்தான். குழாயை எடுத்த பிறகு அவன் முதலில் கேட்டது, "அறுப்பு முடிஞ்சுபோச்சா, அக்கா?" என்பது.

அன்று அந்தக் கட்டிலருகே அவளோடு இன்னொரு பெண்ணும் நின்றாளாம். வேலையில் சேர்ந்து பத்து நாள் ஆனவள். "அவளுக்கு இப்போது நான்தான் சார் கயிறு பிடிக்கிறேன்" என்றாள் என் மாணவி.